கடலூருக்கு வந்த தெஸ்கொமுனால் படகு

1

வீகோ என்பது ஸ்பெயினின் மேற்கு ஓரத்தில், மழை நிற்காத ஒரு மீன்பிடி நகரம். கல்யாணமான கையோடு இங்கே வந்தவள் நான். என் கணவர் கடல் உயிரியல்காரர். நான் மொழிபெயர்ப்பாளர். சிதம்பரம் அண்ணாமலை நகரில் என் அம்மாவிடம் யாராவது "உங்க பொண்ணு ஸ்பெயின்ல டிரான்ஸ்லேட்டராமே" என்று வாய் பிளந்தால் தயவுசெய்து பிளந்த வாயை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். நான் மொழிபெயர்ப்பது மீன் டப்பாக்களின் லேபிளையும், படகு இன்ஜினுக்கு எப்போது எண்ணெய் மாற்ற வேண்டும் என்பதையும்தான். இலக்கியத்தை நான் தொட்டதில்லை, இலக்கியமும் என்னைத் தொட்டதில்லை.

போன மாதம் ஒரு மின்னஞ்சல் வந்தது. இவ்வூர்த் தொண்டு நிறுவனம் ஒன்றின் ஆண்டு விழா மலரை ஆங்கிலத்தில் ஆக்கித் தர வேண்டுமாம். கூலி பற்றிப் பேச்சே இல்லை. சேவை என்றால் மற்றவர்களைச் செய்யச் சொல்வது என்பது அவர்களுடைய நெடுநாள் கொள்கை.

மலரின் அட்டையில் ஒரு படகு. பின்னால் எங்கள் கடலூர்க் கடல். கீழே இப்படி எழுதியிருந்தார்கள்: "சென்ற ஆண்டின் இறுதியில் அடித்த புயலில் அந்தக் கரையில் இருந்த படகுகள் எல்லாம் சிதறின. நாம் கொடுத்த படகு மட்டும் அசையவில்லை. அதன் உறுதி தெஸ்கொமுனால்."

படித்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவினேன்.

என் மகள் மீராவுக்குப் பதினாறு வயது. பள்ளியில் சமூக சேவை மதிப்பெண்ணுக்காக அந்த நிறுவனத்தில் சனிக்கிழமைகளில் போய் வேலை செய்கிறாள். அவர்கள் கொடுத்த நீலச் சட்டையைத் துவைக்கக்கூடக் கொடுக்காமல் போட்டுக்கொண்டு திரிகிறாள். விழாவில் வெளிநாட்டு விருந்தினர்களுக்காக அந்த ஆங்கிலப் பக்கத்தை மேடையில் வாசிக்கப் போவது அவள்தான். "இந்தியப் பெண், இந்தியப் படகு, பொருத்தமாக இருக்கும்" என்று சொன்னார்களாம். அவளுக்கு அதில் அவ்வளவு பெருமை.

2

தெஸ்கொமுனால் என்ற சொல்லை உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும். ஸ்பானிஷ் மொழியில் பெரிதைச் சொல்லப் பல சொற்கள் உண்டு. இது அவற்றில் மூக்கில் விரல் வைக்கிற வகை. பொதுவான அளவை விட்டு விலகியது என்று பொருள். மலையைச் சொல்லலாம், பசியைச் சொல்லலாம், பொய்யைச் சொல்லலாம்.

அந்தச் சொல்லை நான் முதலில் கேட்டது குடியுரிமை அலுவலகத்தில். இந்த நாட்டில் எல்லோருக்கும் இரண்டு குடும்பப் பெயர் இருந்தாக வேண்டும். எனக்கு ஒன்றுகூடக் கிடையாது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். என் அப்பா பெயரைப் பிடுங்கி என் குடும்பப் பெயராக்கி, அவர் பிறந்த ஊர்ப் பெயரை இரண்டாவதாகச் செருகி, கோவிந்தசாமி ஸ்ரீமுஷ்ணம் என்று கட்டத்துக்குள் எழுதப் பார்த்தாள் அந்த அலுவலகப் பெண். கட்டம் முடிந்தும் பெயர் முடியவில்லை. "தெஸ்கொமுனால்!" என்று பேனாவைக் கீழே வைத்தாள். ஸ்ரீமுஷ்ணத்து வராக சுவாமி பூமியையே தூக்கியவர், அவர் ஊரைத் தூக்க இவர்கள் கட்டத்துக்குத் தெம்பில்லை.

ஆங்கிலத்தில் இதற்கு ஹ்யூஜ் என்று போடலாம், எனார்மஸ் என்று போடலாம். பாதி இடங்களில் அது போதும். ஆனால் ஒன்றை இன்னொன்றோடு பொருத்திப் பேசும்போது, இந்தக் காலுக்கு இந்தச் செருப்பு தெஸ்கொமுனால் என்று ஒருவர் சொல்லும்போது, 'டூ பிக்' என்றுதான் எழுத வேண்டும். அந்த 'டூ' என்கிற துண்டுச் சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. அளவுக்கு மீறியது, ஒத்து வராது, வேண்டாம் என்று அது சொல்கிறது. அகராதியிலோ இந்தச் சொல்லுக்கு நேராகக் கடைசியில் இன்னோர் அர்த்தமும் உட்கார்ந்திருக்கிறது: எக்ஸ்ட்ரார்டினரி. அசாதாரணமானது, அபாரமானது. பொய் சொல்ல நினைப்பவனுக்கு அகராதி எப்போதும் ஓர் இடம் விட்டு வைக்கும்.

3

2004 டிசம்பரில் கடல் எங்கள் ஊருக்குள் வந்தது. வீகோவில் தொலைக்காட்சி பார்த்து அழுதவர்கள் ஏராளம். அழுதவர்களில் ஒருவர் தோன் ராமோன், நம் பாஷையில் ராமோன் ஐயா, இந்தத் தொண்டு நிறுவனத்தின் தலைவர். கண்ணைத் துடைத்ததும் அவருக்கு நினைவுக்கு வந்தது படகு கட்டும் தொழிற்சாலை வைத்திருக்கிற தன் மைத்துனர். கடலூர் மீனவர்களுக்கு வீகோவிலேயே செய்த நல்ல படகுகளை அனுப்புவோம் என்றார். கூட்டம் கை தட்டியது.

இந்தியத் தொடர்புக்கு ஆள் வேண்டுமே. என் பெரியப்பா மகன் சம்பந்தம் மாட்ரிட்டில் துணி இறக்குமதி செய்து கொண்டிருந்தார். சிதம்பரத்துக்காரர். எங்கே மைக் இருந்தாலும் அதற்கு முன்னால் நிற்பது அவர் சுபாவம். ஸ்பானிஷ் மொழியில் விலை கேட்பார், பில் கேட்பார், அதற்கு மேல் சிரிப்பார். அவர்தான் தொடர்பாளர் ஆனார். நான் மொழிபெயர்ப்பாளர் ஆனேன்.

நிறுவனத்தில் ஒரே ஓர் ஒழுங்கான மனிதர் சுசோ என்கிற படகு வடிவமைப்புப் பொறியாளர். அவர் என்னிடம், "உங்கள் ஊரில் படகை எங்கே கட்டி நிறுத்துவார்கள்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். நான் கடலூரில் தேசிங்கண்ணனுக்குப் போன் போட்டேன். என் கணவர் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது தேசிங்கண்ணன் படகில்தான் கடலுக்குப் போவார். அந்தப் பழக்கம்.

"கட்றதா? எங்க கட்றது? கரையில இழுத்துப் போட்டுருவோம் தங்கச்சி. ஆளுங்க சேந்து தள்ளுவோம். ஓல்டு டவுன் துறைமுகத்துல பெரிய லாஞ்சு படகுக்கே எடம் இல்ல, எங்கள எவன் உள்ள உடுவான்?"

இதை சுசோவிடம் சொன்னேன். அவர் மைத்துனரின் படகு வரைபடத்தைப் பார்த்தார். ஆழமான அடிக்கட்டை, கனமான உடல், கான்கிரீட் துறையில் கயிற்றால் கட்டி வைப்பதற்கென்றே பிறந்தது. ஒரே பத்தியில் கருத்து எழுதிக் கொடுத்தார். அதன் முக்கிய வரி: இந்தப் படகுடல் அந்தக் கரைக்கும் அந்த ஆற்றுவாய்க்கும் தெஸ்கொமுனால்.

நான் ஆங்கிலத்தில் எழுதினேன்: அந்தக் கரைக்கும் ஆற்றுவாய்க்கும் அளவுக்கு மிகவும் மீறிப் பெரியது. ஃபார் டூ பிக். சந்தேகத்துக்கு இடமில்லாத மூன்று சொல்.

படகுகளை இறக்க அனுமதி கேட்கும் விண்ணப்பம், இந்தக் கருத்தோடு, சம்பந்தம் அண்ணன் கை வழியாகத்தான் இந்தியாவுக்குப் போக வேண்டும். மறுநாள் போன் செய்தார்.

"என்னம்மா இப்டி எழுதி வச்சிருக்க? ஆபீஸ்ல பாத்தா தூக்கிப் போட்ருவாங்க."

"தூக்கிப் போடட்டும்ணா. அதுக்குத்தான் எழுதியிருக்கேன்."

"உனக்கு ஒண்ணும் தெரியாது. நான் டிக்ஷனரி பாத்தேன். எக்ஸ்ட்ரார்டினரின்னும் போட்ருக்கான். அத்த போட்டுட்டேன்."

"டிக்ஷனரியில காடுன்னு பாத்தா சுடுகாடும்தான் வரும். அதுக்காக அங்க பிக்னிக் போவியாண்ணா?"

அவர் சிரித்தார். அவர் பெரிய மனிதர். என்னைப் போன்றவர்கள் கோபப்பட்டால் சிரிப்பார். நான் ராமோனுக்கு எழுதினேன். ராமோன், இந்திய விஷயங்களை சம்பந்தம் பார்த்துக்கொள்வார் என்று பதில் போட்டார். சுசோ தலைவரிடம் நேரிலேயே போய்ச் சண்டை போட்டார். அடுத்த கூட்டத்துக்கு அவரை அழைக்கவில்லை.

கடலூரில் ஏதோ ஓர் அலுவலகத்தில் யாரோ ஒருவர் அந்த எக்ஸ்ட்ரார்டினரியைத் தமிழாக்கினார். "அக்கடற்கரைக்கும் முகத்துவாரத்திற்கும் உகந்த, தனிச்சிறப்பு வாய்ந்த படகு." உகந்த என்பது அவராகச் சேர்த்த அன்பளிப்பு. ஒரு பொறியாளர் வேண்டாம் என்று எழுதியது இரண்டு மொழி தாண்டுவதற்குள் வேண்டும் வேண்டும் என்று ஆகிவிட்டது.

4

2006 கோடை விடுமுறையில் நாங்கள் ஊருக்குப் போயிருந்தபோது படகுகள் வந்து இறங்கின. விழாவுக்கு ராமோனும் வந்திருந்தார். சிதம்பரத்திலிருந்து காரில் அழைத்துப் போனோம். செம்மங்குப்பம் ரசாயனத் தொழிற்சாலைகள் பக்கம் வந்ததும் ராமோன் மூக்கைச் சுளித்து, என்ன வாடை என்று கேட்டார். "தொழில் வளர்ச்சி" என்றார் சம்பந்தம் அண்ணன். ராமோன் மரியாதையாகத் தலையாட்டி ஆழமாக மூச்சிழுத்தார்.

தேசிங்கண்ணனின் குப்பத்தில் பந்தல், ஃபிளெக்ஸ், சால்வை எல்லாம் தயார். ஃபிளெக்ஸில் ராமோன் முகம் ஒரு பக்கம், சம்பந்தம் முகம் மறுபக்கம். நடுவில் வங்காள விரிகுடாவுக்குக் கொஞ்சம் இடம் விட்டிருந்தார்கள்.

முதல் படகு மணலில் நின்றது. பக்கத்தில் இருந்த ஃபைபர் படகுகள் அதன் குட்டிகள் மாதிரி கிடந்தன. தேசிங்கண்ணன் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அடிக்கட்டையைக் கையால் தட்டினார்.

"எம்மாம் பெருசுமா! இத்த எவன் தள்ளுவான்? கடல்தான் வந்து எடுத்துகினு போவணும்."

"நீங்க வேணாம்னு சொல்லிடுங்கண்ணே."

அவர் பந்தலைப் பார்த்தார். "எல்லாரும் வந்து குந்திட்டாங்களே" என்றார்.

மேடையில் ராமோன் பேசினார். வரிக்கு வரி தமிழில் சொல்வது என் வேலை. மைத்துனரின் தொழிற்சாலையைப் புகழ்ந்தார், தன் தூக்கமில்லாத இரவுகளைப் புகழ்ந்தார். கடைசியில் கையை விரித்து, "இது ஒரு தெஸ்கொமுனால் படகு!" என்று முழங்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

மைக்கைப் பிடித்துச் சொன்னேன்: "இந்தப் படகு அளவுக்கு மீறிப் பெருசு. இந்தக் கரைக்கு ஒத்து வராதுன்னு அந்த ஊரு இன்ஜினியரே எழுதிக் குடுத்திருக்காரு."

பெண்கள் பக்கத்தில் ஒரு சிரிப்பு கிளம்பி ஆண்கள் பக்கத்துக்குப் போயிற்று. கூட்டம் சிரிக்கிறதே என்று, பேச்சைக் காதில் வாங்காத முன்வரிசை அதிகாரிகள் கை தட்டினார்கள். கை தட்டல் கேட்டதும் ராமோன் எழுந்து நெஞ்சில் கை வைத்துக் குனிந்து வணங்கினார். நான் உண்மையைச் சொன்னேன், ஐயா. அதற்குக் கிடைத்த பதில் அது. அதன்பின் உண்மையின் மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது.

சம்பந்தம் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. என் காதருகே வந்து, "மானத்த வாங்கிட்டியேடி" என்றார். பிறகு மைக்கை வாங்கி, படகை இப்போதே கடலில் இறக்கிக் காட்டுவோம், எல்லோரும் வாருங்கள் என்றார்.

ஒருவருக்கும் மனமில்லை. ஆனால் போட்டோக்காரர்கள் தண்ணீர் ஓரத்தில் இடம் பிடித்து நின்றுவிட்டார்கள். பனங்கட்டைகளை அடியில் போட்டு, ஆண்கள் எல்லோரும் தோள் கொடுத்தார்கள். ஏலோ என்ற குரலுக்கு அது அசையவில்லை. மறுபடி, மறுபடி. பிறகு திடீரென்று அசைந்தது. ஒரு கட்டை வழுக்கி, அடிக்கட்டை மணலில் குத்தி, படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எல்லோரும் விலகினார்கள். தேசிங்கண்ணன் பின்னால் நின்றவர்களைத் தள்ளிவிட்டு விலகுவதற்குள் அவருடைய வலது கால் அடியில் போய்விட்டது.

அவர் போட்ட சத்தம் ராமோனுக்கு மொழிபெயர்க்காமலே புரிந்தது.

5

தொடை எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் படுத்திருக்க, மனைவி மல்லிகா காலடியில் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் சம்பந்தம் அண்ணன் ஆப்பிளோடு வந்தார். நானும் அங்கேதான் இருந்தேன்.

"நடந்தது நடந்துபோச்சு தேசிங்கு. யாரையும் குத்தம் சொல்லக் கூடாது. பேப்பர்காரன் வந்தா நல்லதா நாலு வார்த்த சொல்லு."

தேசிங்கண்ணன் ஆப்பிளைப் பார்த்தார். "நான் யார சார் குத்தம் சொல்றது? நீங்க நல்லதுக்குத்தான் குடுத்தீங்க. ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. அத்த எடுத்துகினு போயிடுங்க."

"வெளிநாட்டுப் பொருள் ஒரு தடவ உள்ள வந்துட்டா திருப்பி அனுப்ப முடியாதுப்பா. ரூல்ஸ்."

மல்லிகா அப்போதுதான் வாயைத் திறந்தார். "அப்ப நீங்க இருங்க சார், அது கூட. ரெண்டு பேரும் கரையிலயே நில்லுங்க."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அண்ணன் ஆப்பிளை வைத்துவிட்டுப் போய்விட்டார். அதிலிருந்து குடும்பக் கல்யாணங்களில் அவர் ஒரு பந்தியில் உட்கார்ந்தால் நான் அடுத்த பந்தியில் உட்காருகிறேன்.

மற்றப் படகுகளைக் குப்பத்தார் தொடவே மறுத்துவிட்டார்கள். அவற்றை யாரோ லாரியில் ஏற்றி வேறெங்கோ கொண்டுபோனார்கள். எங்கே என்று நான் கேட்டால் கோப்பு நகர்ந்துகொண்டிருக்கிறது என்றார்கள். படகுதான் நகரவில்லை, கோப்பாவது நகரட்டும். முதல் படகு மட்டும் சாய்ந்த இடத்திலேயே மணலில் புதைந்து நின்றது.

வீகோவில் நிறுவனம் கூடி, நடந்தது ஒரு மொழிச் சிக்கல் என்று முடிவு செய்தது. அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு, மொழிபெயர்ப்பில் குழப்பம் வந்துவிட்டது என்று நான் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். போடவில்லை. அவர்கள் எனக்குத் தந்துவந்த வேலையும் அதோடு நின்றது. மீன் டப்பாக்கள் என்னைக் கைவிடவில்லை. மத்தி மீனுக்கு என் பேரில் எந்த வருத்தமும் கிடையாது.

தேசிங்கண்ணன் எழுந்து நடந்தார், ஒரு காலைச் சாய்த்து. கடலுக்குப் போக முடியவில்லை. வலை பின்னிக் கொடுத்தார், பிறகு மல்லிகாவோடு மீன் ஏலத்தில் நின்றார். நானும் என் கணவரும் ஊருக்குப் போகும்போதெல்லாம் பார்த்துவிட்டு வருவோம். மீரா வரமாட்டாள். வெயில் என்பாள். அண்ணாமலை நகர் வீட்டில் பாட்டி அறையில் மின்விசிறிக்கு அடியில் படுத்துக் கிடப்பாள்.

6

ஆக, இத்தனை வருடத்துக்குப் பிறகு, மகள் அங்கே வருகிறாள் என்ற உரிமையில் எனக்கு அனுப்பிய அந்த மலர், அந்த அட்டைப்படம்.

தேசிங்கண்ணனுக்குப் போன் செய்து கேட்டேன். "புயல்ல அது அசையலையாமே?"

"எப்பிடிமா அசையும்? பாதி ஒடம்பு மண்ணுக்குள்ள. எங்க படகெல்லாம் போச்சு. அது மட்டும் சொகமா நிக்கிது."

நான் மலர் முழுவதையும் ஆங்கிலத்தில் ஆக்கினேன். ராமோனின் வாழ்த்துரையைக்கூட ஒரு வரி விடாமல். அட்டைப்படத்தின் கீழே இப்படி எழுதினேன்: "இந்தப் படகு அந்தக் கரைக்கு அளவுக்கு மிகவும் மீறிப் பெரியது. அதனால் ஒரு நாளும் கடலுக்குப் போகவில்லை. அதனால்தான் புயலிலும் போகவில்லை." மூலத்தில் இல்லாததை எழுதுவது என் தொழிலில் குற்றம். ஆனால் நடந்ததை வைத்துப் பார்த்தால் நான் மூலத்துக்கு நெருக்கமாகத்தான் இருந்தேன்.

இரண்டு நாளில் மாட்ரிட்டிலிருந்து சம்பந்தம் அண்ணனின் போன்; இந்திய விஷயங்கள் இன்னும் அவர் கையில்தானாம்.

"இன்னும் உனக்கு அந்தத் திமிரு போவலியா?"

"நல்லா இருக்கியாண்ணா? அண்ணி சுகமா?"

"அந்த வரிய நானே மாத்திட்டேன். எக்ஸ்ட்ரார்டினரி ரெசிஸ்டன்ஸ். அச்சுக்குப் போயாச்சு."

"உனக்கு வேற வார்த்தையே தெரியாதாண்ணா?" என்று கேட்டு வைத்துவிட்டேன்.

7

மீரா அந்த உரையாடலைக் கேட்டிருக்கிறாள். சமையலறைக்கு வந்து, என்ன நடந்தது என்று ஸ்பானிஷில் கேட்டாள். சொன்னேன். அவள் நம்பவில்லை. அந்த வயதில் அம்மா சொல்வதை நம்பினால் உடம்பில் ஏதோ கோளாறு என்று அர்த்தம். "நீ எப்போதும் எல்லோரையும் இளக்காரமாகவே பார்க்கிறாய் அம்மா. அவர்கள் உதவி செய்யத்தானே நினைத்தார்கள்? உனக்கு யாரைத்தான் பிடிக்கும்?"

போனை எடுத்து தேசிங்கண்ணன் எண்ணைப் போட்டு அவள் கையில் கொடுத்தேன். "நீயே கேள்" என்றேன்.

என் மகளின் தமிழைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்பானிஷ் மொழியில் எல்லாப் பொருளுக்கும் ஆண், பெண் உண்டு. மேசை பெண், கப்பல் ஆண். அதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்துவிடுவாள். பால் பொங்கினால் பொங்கிட்டா என்பாள். திருத்தித் திருத்தி நான் அலுத்துப்போனேன். வெட்கப்பட்டு அவள் பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

ஒலிபெருக்கியில் தேசிங்கண்ணன் குரல் வந்தது. "யாரு?"

"மாமா, நான் மீரா. அம்மாவோட மக." கொஞ்சம் தயங்கினாள். "மாமா, அந்தப் படகு எப்படி இருக்கான்?"

அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்பு.

"இருக்கான்மா. ஒரு வேலையும் செய்ய மாட்டான். ஒரே எடத்துல குந்திகினு கெடக்கான்."

மீராவும் சிரித்தாள். உடனே முகம் மாறிற்று. "அவங்க குடுத்தப்ப நீங்க ஏன் வேண்டாம்னு சொல்லல?"

"அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்துட்டாங்களேமா. மூஞ்சியப் பாத்து எப்பிடிச் சொல்றது? உங்கம்மா சொல்லுச்சு, மைக்குல. நாங்க சிரிச்சிட்டோம். சிரிச்சிருக்கக் கூடாது."

மீரா என்னைப் பார்த்தாள். நான் அடுப்பைப் பார்த்தேன்.

அவள் போனோடு ஜன்னல் பக்கம் போனாள். வெளியே வழக்கமான மழை. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். ஒரு வாக்கியத்தை அவள் மனதுக்குள் கட்டிப் பார்ப்பது அவள் தோளிலேயே தெரிந்தது. ஸ்பானிஷில் கால் என்பது பெண்.

"மாமா, உங்க கால் இன்னும் வலிக்கிறாளா?"

"வலிக்கிறாம்மா," என்றார் தேசிங்கண்ணன். இப்போது அவர் சிரிக்கவில்லை. "மழ வர்றதுக்கு முன்னாடி ஜாஸ்தி வலிக்கிறா."